பழைய டீஎக்ஸுக்கு இன்னுங் கொஞ்சம் இழுவை

எங்கட ஊரில் குதிரைசக்திக்குப் பஞ்சமே இல்லை. நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம் 900 மெகாவாற். 300 மெகாவாற்படி மூன்று அலகுகள், முதலாவது 2011இல், கடைசி 2014இல். குதிரைக் கணக்கில் மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 12 இலட்சம் குதிரைகள் எங்கட கடற்கரையில் கட்டிக் கிடக்கு. கற்பிட்டிப் பக்கம் கொஞ்சம் போனால் மாம்புரியில் காற்றாலைகள் வேற சுத்துது. இவ்வளவுக்கும் நடுவில் எங்கட வீட்டு டொயோட்டா டீஎக்ஸ் வேகன் இன்னும் பத்துக் குதிரைக்கு ஏங்கிக்கொண்டு நிண்டது.

நாங்க என்று சொல்றது நானா, தம்பி, மச்சான் என்று மூணு பேர். இதில யார் எழுதுறது என்று கேக்காதீங்க. வாகனம் மூணு பேருக்கும் பொது, கடனும் பொது, அதனால எழுத்தும் பொது.

டீஎக்ஸ் என்றால் என்ன என்று தெரியாத ஆள் புத்தளம் மாவட்டத்தில் இருக்க ஏலாது. 1979இல் வந்த கேஈ70 வரிசைக் கொரோல்லா. பின்சக்கர இழுவை. பெட்டி மாதிரி உடம்பு, பின்னுக்கு நல்ல நீட்டு. எங்கட பக்கம் அது கார் மட்டும் இல்ல. காலையில சின்ன வெங்காயம், பீட்ரூட் மூட்டை ஏத்தும், பின்னேரம் கல்யாண வீட்டுக்கு ஆள் ஏத்தும், ராவைக்கு யாருக்கும் நெஞ்சு வலி என்றால் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஓடும். எங்கட வேகனுக்கு இது எல்லாத்துக்கும் மேல இன்னொரு வேலை இருந்தது. உம்மாவை மாசத்துக்கு ஒருக்கா கண்டிக்குக் கொண்டு போகணும். கிளினிக் தேதி தவறக் கூடாது. பஸ்ஸில மூணு இடத்தில மாறி ஏறி இறங்குறது உம்மாட முழங்காலுக்குச் சரிவராது. ஹயருக்கு வேன் பிடிச்சா ஒரு மாச வெங்காயக் காசு அதிலயே போயிடும்.

புத்தளத்தில இருந்து குருநாகல் வரைக்கும் பிரச்சினை இல்லை. தரை மாதிரி பாதை. கலகெதர ஏத்தம் தொடங்கும் இடத்திலதான் வேகனுக்கு மூச்சு வாங்கும். மூணாம் கியரில இழுக்காது, ரெண்டுக்கு வந்தா சூடு முள்ளு ஏறும், பாதி வழியில ஓரமா நிப்பாட்டி, பொனட்டைத் திறந்து, அரை மணித்தியாலம் காத்திருக்கணும். உம்மா முன் சீட்டில இருந்தபடி தஸ்பீஹ் ஓதுவா. பின்னுக்கு வாற பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான். அப்படி ரெண்டு மாசம் போன பிறகுதான் "இதுக்குப் பவர் கூட்டணும்" என்ற பேச்சு வீட்டில தொடங்கினது.

புதுசா ஒன்று வாங்கினா என்ன என்று கேக்கிறவங்களுக்கு: 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க. திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. அந்த ஐந்து வருஷத்தில நாற்பது வயசு வாகனமும் தங்கம் மாதிரி ஆகிட்டுது. 2022இல் பெற்றோல் 92 ஒரு லீற்றர் 470 ரூபாய் வரைக்கும் போனது. கியூஆர் கோட் வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்தாங்க. அந்தக் காலத்தில எண்ணெய்க்கு வரிசையில தள்ளிக்கொண்டு போன வண்டியை இன்றைக்கு விலை குறைச்சுக் கேக்க யாருக்கும் மனசு வராது. எங்களுக்கும் விக்க மனசு வரேல்ல.

இந்த நாட்டுக்கு இது புதுசும் இல்லை. எங்கட மூத்தவாப்பா காலத்தில, 1970க்கும் 77க்கும் இடையில, இறக்குமதி இறுகிக் கிடந்தபோது மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் கம்பி கட்டி ஓட்டினாங்க. உபாலி விஜேவர்தன ஃபியட்டையும் மாஸ்டாவையும் இங்கயே பொருத்தினார். கியூபாவைப் பாருங்க, ஹவானா ஓட்டுநர் 1950களின் அமெரிக்கக் காருக்குள்ள சோவியத் எஞ்சினையோ ஒரு டீசல் எஞ்சினையோ இறக்கி இன்னும் ஓட்டுறார். பழைய உடம்புக்குள்ள கொஞ்சம் புதுசான இதயத்தை வைக்கிறது, கடை மூடின ஊர் எல்லாத்திலயும் நடக்கிற வேலை.

எங்கட கையில இருந்தது ஒன்றரை இலட்சம் ரூபாய். அதை வச்சுக்கொண்டு முதல்ல ஊரில ஆலோசனை கேட்டோம். ஆலோசனைக்கு மட்டும் இங்க காசு கேக்க மாட்டாங்க.

ஒருத்தர் சைலன்ஸரை வெட்டிப் பெரிய குழாய் போடச் சொன்னார். ஒருத்தர் கோனாக இருக்குமே அந்த ஸ்போர்ட்ஸ் ஃபில்டர், அதைப் போடச் சொன்னார். கத்தாரில் இருந்து லீவில வந்த ஒரு கூட்டாளி, டேர்போ வைக்கலாம் என்று ஃபோனில படம் காட்டினான். இன்னொருத்தர் 2சீ டீசல் எஞ்சினை இறக்கினா மலையும் ஏறும், செலவும் குறையும் என்றார். டீசல் பெற்றோலைவிட நல்லா மலிவா இருந்த காலத்தில அது சரியான பேச்சுத்தான்; எத்தனையோ பெற்றோல் கார்கள் அப்படி மாறினது. ஆனா 2சீ என்றால் 1974 சீசீ இரும்புப் பாரம். முன் ஸ்பிரிங் அதுக்கு எண்டு செய்தது இல்ல.

கடைசியில போனது எங்கட வழக்கமான பாஸிட்ட. பெயர் எழுதக் கூடாது என்று சொல்லிட்டார், "நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க மகன்" என்று. ஆலங்குடாவுக்கும் எங்களுக்கும் நடுவில, ரெண்டு தென்னைக்கு இடையில தகரம் போட்ட கராஜ். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. மச்சானை ஓட்டுநர் சீட்டில இருக்கச் சொல்லி, "எக்ஸலேட்டரை அடியோட மிதி" என்றார். எங்களைக் காபரேட்டருக்கு மேல குனிஞ்சு உள்ளுக்குப் பார்க்கச் சொன்னார். காற்று போற வாயில இருக்கிற அந்த வட்டத் தகடு, நேரா நிக்க வேண்டியது, முக்கால்வாசிதான் திறந்து நிண்டது. கேபிள் இழுபட்டுத் தொய்ஞ்சு போயிருக்கு. அதுக்கு மேல, காலுக்குக் கீழ ரெண்டு கார்ப்பெட்.

"பவர் வேணும் பவர் வேணும் எண்டு வந்து நிக்கிறீங்க. இருக்கிற பவருக்கே கதவு முழுசாத் திறக்கல்ல."

இது ஒன்றுக்கே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று எங்களுக்குத் தோணினது. வாகனம் வச்சிருக்கிற நீங்க, இப்பவே ரெண்டு பேராப் போய் இதைப் பாருங்க. எஞ்சினை ஓஃப் பண்ணிட்டுத்தான். அஞ்சு நிமிஷ வேலை.

பவர் என்றால் என்ன என்று பாஸ் விளங்கப்படுத்தின விதம் பள்ளிக்கூடத்தில யாரும் சொல்லித் தராதது. எஞ்சின் ஒரு காத்துப் பம்பு, அவ்வளவுதான். ஒரு லீற்றர் பெற்றோல் ஒழுங்கா எரியக் கிட்டத்தட்ட 9000 லீற்றர் காற்று வேணும். பெற்றோலை ஊத்துறது லேசு. காற்றை உள்ளுக்கு எடுக்கிறதுதான் கஷ்டம். அப்ப பவர் கூட்டுறது என்றால் மூணு வழிதான்: ஒவ்வொரு மூச்சுக்கும் கூடக் காற்று எடுக்கணும், இல்லாட்டி கூட வேகமா மூச்சு விடணும், இல்லாட்டி பெரிய நெஞ்சு வேணும். பெரிய நெஞ்சு என்றால் பெரிய எஞ்சின். டேர்போவும் கெம் ஷாஃப்டும் ரெட்டைக் காபரேட்டரும் எல்லாம் இந்த மூணுக்குள்ளதான் அடங்கும்.

காற்றிலயும் காற்று இருக்கு. சூடான காற்று லேசானது. பொனட்டுக்குள்ள, எக்ஸோஸ்ட் பக்கத்தில இருந்து 60 பாகைக் காற்றை உறிஞ்சுற எஞ்சின், வெளியில இருக்கிற 30 பாகைக் காற்றை எடுக்கிறதைவிட நூற்றுக்கு 9 பங்கு குறைவான காற்றைத்தான் எடுக்கும். அந்தக் கோன் ஃபில்டர் செய்யிறது அதைத்தான். நல்லா உறிஞ்சும், ஆனா சூட்டை உறிஞ்சும். எங்கட ஊரில அதோட மணலையும் உறிஞ்சும். பாஸ் செய்தது: பழைய ஃபில்டர் பெட்டியை அப்படியே வச்சு, அதுட மூக்கில ஒரு றப்பர் ஹோஸைப் பூட்டி, முன் கிரில்லுக்குப் பக்கத்தில கொண்டு வந்து விட்டார். ஹோஸ் வாங்கின காசை இங்க எழுதவே வெக்கமா இருக்கு, அவ்வளவு குறைவு.

ராவில வண்டி நல்லா இழுக்குது என்று ஹயர் ஓடுற ஆக்கள் சொல்றது பொய் இல்லை, காற்று குளிர்றதாலதான். அதே மாதிரி மலைக்குப் போகப் போகக் காற்று மெலியும். நுவரெலியா 1868 மீற்றர். அங்க காற்றழுத்தம் எங்கட கடற்கரையில இருக்கிறதில அஞ்சில நாலு பங்குதான். மரக்கறி ஏத்திக்கொண்டு அங்க போற எங்கட லொறிகள் ஏன் முனகுது என்று இப்ப விளங்குதா.

சைலன்ஸர் விஷயத்தில எங்களுக்குள்ளயே சண்டை. தம்பிக்குப் பெரிய குழாய் வேணும். பின்குழாய் மட்டும் பெரிசாகி, எஞ்சினிலிருந்து வெளியேறும் மெனிஃபோல்ட் அப்படியே இருந்தா வித்தியாசம் பெரிசா வராது. சத்தம் மட்டும் வரும். சத்தம் கூடினா பவர் கூடினமாதிரிக் காது நம்பிடும், அதுதான் அந்த வியாபாரமே. ஜும்ஆ முடிஞ்சு எல்லாரும் வெளியில வாற நேரம் பார்த்து எங்கட தெருவில ஒரு பழைய சன்னி இப்படித்தான் கத்திக்கொண்டு போகும். ஒரு சைக்கிளை முந்த அதுக்கு ஏலாது.

ஹெட்டை சீவுறது என்று இன்னொரு பழைய வித்தை. சிலிண்டர் ஹெட்டை லேத்தில குடுத்து ஒரு மில்லிமீற்றரை எடுத்தா அமுக்கம் கூடும், பவர் கூடும். நாங்க கடதாசியில போட்டுப் பார்த்தோம். அமுக்க விகிதம் ஒன்பதில இருந்து ஒன்பதே முக்காலுக்குப் போனா, கணக்குப்படி கிடைக்கிறது நூற்றுக்கு ரெண்டு பங்கை ஒட்டித்தான். அதுக்குப் பதிலா 92 ஒக்டேனில நொக்கிங் வரும், 95 அடிக்க வேண்டிய நிலை வரும். ரேஸ் ஓடுறவனுக்கு அந்த ரெண்டு பங்கு பெரிசு. வெங்காயம் ஏத்துறவனுக்கு?

பிறகு மச்சான் இன்னொரு கணக்குப் போட்டான். அவன் ஏஎல் கணிதம் செய்தவன், இப்ப டியூஷன் குடுக்கிறான். வேகன், நாங்க, உம்மா, சாமான் எல்லாம் சேர்த்து 1250 கிலோ. நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் ஏறுற ஏத்தம். மணிக்கு 40 கிலோமீற்றர். சக்கரத்தில வேண்டியது எத்தனை குதிரை? பதினெட்டுக்குக் கிட்ட. கியர்பொக்ஸும் டிஃபரென்ஷியலும் தின்னுறதையும் சேர்த்தா இருபத்திரண்டு வைங்க. எங்கட வேகனில இருக்கிற 4கே எஞ்சின் 1290 சீசீ. நல்ல நிலையில இருக்கிறபோது அறுபது குதிரையை ஒட்டித் தரக்கூடியது. அப்ப இருபத்திரண்டு குதிரை கேக்கிற ஏத்தத்தில அது ஏன் சாகுது?

இந்தக் கேள்விக்குப் பிறகுதான் வேலை ஒழுங்காத் தொடங்கினது. புதுக் குதிரை வாங்க முதல், தொலைஞ்ச குதிரை எங்க என்று தேடுறது.

நாலு சக்கரத்தையும் ஜாக்கியில தூக்கிக் கையால சுத்திப் பார்த்தோம். பின் இடது சக்கரம் அரைச் சுற்றோட நிண்டது. ட்ரம் பிரேக் பிடிச்சுக்கொண்டே இருக்கு, உப்புக் காத்துக்கு உள்ளுக்கு இருக்கிற சிலிண்டர் துருப்பிடிச்சு இறுகிட்டுது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு உள்ள ஊரில இரும்புக்கு ஆயுசு குறைவு. அதாவது இத்தனை காலமும் பிரேக்கை மிதிச்சுக்கொண்டே மலை ஏறியிருக்கு எங்கட வண்டி. ரேடியேட்டரைக் கழட்டிப் பார்த்தா, குழாய்களில பாதிக்கு மேல ஊத்தை அடைச்சு. எங்கட கிணத்துத் தண்ணியைத்தான் வருஷக்கணக்கா ஊத்தி வந்திருக்கு, அதுட உப்பு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதுக்குப் புதுக் கோர் போட்டோம், இனிமேல் கூலன்ட் மட்டும்தான். டிஸ்ட்ரிபியூட்டரில டைமிங்கை முன்னுக்குத் தள்ளுற வெக்கியூம் பெட்டி ஓட்டை. அதையும் மாத்தி, டைமிங் லைட் வச்சு நேராக்கினார் பாஸ். டயருக்குக் காத்து. பின்னுக்கு, ஸ்பெயார் வீலுக்குக் கீழ கிடந்த பழைய பம்பு மோட்டரையும் ரெண்டு இரும்புக் குழாயையும் இறக்கினோம். அது எத்தனை வருஷமா எங்களோட கண்டிக்கு வந்து போனது என்று வாப்பாவுக்கே ஞாபகம் இல்லை.

இவ்வளவுக்கும் போனது நாற்பதாயிரத்துக்குச் சொச்சம். அடுத்த கிளினிக்குக்கு கலகெதர ஏத்தத்தை நிக்காம ஏறினோம். மூணாம் கியர் இல்லை, ரெண்டுதான். ஆனா சூடு முள்ளு நடுவில இருந்து அசையேல்ல. உம்மாக்கு நிண்ட இடம் வந்ததும் தெரியும், தாண்டினதும் தெரியும். "ஏன் நிப்பாட்டல்ல?" என்று மட்டும் கேட்டா.

ஒரு விஷயம் மட்டும் மிஞ்சினது. கம்ப்ரெஷன் கேஜ் வச்சுப் பார்த்தபோது நாலு சிலிண்டரில மூணு 145க்கும் 150க்கும் இடையில. மூணாம் நம்பர் 95. அதுக்குள்ள ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுத் திரும்பப் பார்த்தா 115. இந்தச் சின்னப் பரிசோதனை நல்லா ஞாபகம் வச்சிருங்க: எண்ணெய் விட்டதும் ஏறினா ரிங்குக்கும் சிலிண்டருக்கும் இடையில ஒழுக்கு, ஏறாட்டி வால்வில ஒழுக்கு. எங்களுக்குக் கொஞ்சம் ஏறி நிண்டது, அதாவது ரெண்டுமே. பின்னுக்கு நீலப் புகை வேற. வருஷா வருஷம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை வேணும், அந்தத் தேதியும் நெருங்கிக்கொண்டு வந்தது.

இப்ப உண்மையான தெரிவு வந்தது. 4கேயைத் திறந்து, சிலிண்டரை லேத்தில பெரிசாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், வால்வு, பெயாரிங் எல்லாம் போட்டா ஆகிற செலவு, பாவிச்ச ஒரு 5கே எஞ்சினுட விலைக்குக் கிட்ட வருது.

5கே என்றால் இதே குடும்பத்துத் தம்பி. லைட்ஏஸ் வேன்களில வந்தது. கேள்விப்பட்டிருப்பீங்க, டீஎக்ஸ் ஆக்களுட கனவு அதுதான். ஏன் என்று கணக்கைப் பாருங்க. 4கேக்குச் சிலிண்டர் விட்டம் 75 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடுற தூரம் 73. 5கேக்கு அதே 73, விட்டம் மட்டும் 80.5. வெறும் அஞ்சரை மில்லிமீற்றர். ஆனா பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோட கூடும் என்றதால 1290 சீசீ 1486 ஆகுது, நூற்றுக்குப் பதினஞ்சு பங்கு கூட. பெரிய நெஞ்சு என்று பாஸ் சொன்னது இதுதான். இது கூட வேகமாச் சுத்தி எடுக்கிற பவர் இல்லை, மெதுவாச் சுத்துறபோதே கிடைக்கிற இழுவை. மலைக்கும் மூட்டைக்கும் வேண்டியது அதுதான். பழைய கியர்பொக்ஸோட அப்படியே பூட்டலாம். டேர்போ மாதிரி பைப்பு, ஒயில் லைன், கூடச் சூடு என்று ஒன்றும் இல்லை. டேர்போவை நாங்க வெறுக்கேல்ல. ஆனா அதைத் தாங்குற பிஸ்டனும் ஹெட் கெஸ்கெட்டும் ரேடியேட்டரும் வாங்குற காசில இன்னொரு டீஎக்ஸே வாங்கலாம்.

வெங்காயம் கிண்டி வித்த பிறகு ரெண்டு பேர் கொழும்புக்குப் போனோம். பஞ்சிகாவத்தை. பழைய பாகம் தேடி அங்க போகாதவன் இலங்கையில வாகனக்காரன் இல்லை. கடைக்குக் கடை எஞ்சின் மலை மாதிரி. முதல் கடைக்காரர் சொன்ன விலையில எங்களுக்கு இருமல் வந்தது. ஆறு கடை ஏறி இறங்கினோம். பாஸ் சொல்லி அனுப்பின விஷயங்கள் மூணு. ஒயில் மூடியைத் திறந்து பாரு, உள்ளுக்குப் பால் தேத்தண்ணி நிறத்தில நுரை இருந்தா தண்ணி கலந்த எஞ்சின், விட்டுட்டு வா. கையால கிரேங்கைச் சுத்து, ஒரே இறுக்கமா வரணும். பிளக்கைக் கழட்டி நிறம் பாரு. நாலாவதா வாப்பா ஒன்று சொன்னார்: பில்லும், இறக்குமதிக் கடதாசியும் இல்லாம எஞ்சினைத் தூக்காதே.

அந்த நாலாவதுதான் எல்லாத்திலயும் பெரிசு. எஞ்சின் மாத்தினா மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிச்சு, பரிசோதகர் பார்த்து, புத்தகத்தில எஞ்சின் நம்பரையும் சீசீயையும் மாத்த வேணும். எங்கட பொடியன்கள் கனபேர் இதைச் செய்யிறதில்லை. நடுவழியில பொலிஸ் பிடிச்சா ஒரு கதை. விபத்து நடந்து, இன்சூரன்ஸ்காரர் வந்து நம்பரைப் பார்த்தா வேற கதை. உம்மாவை ஏத்துற வண்டியில அந்த விளையாட்டு வேணாம் என்று மூணு பேரும் ஒரே பேச்சு. கடைசிக் கடையில கடதாசியோட கிடைச்சது. அதுக்காகவே கூடக் காசு குடுத்தோம்.

எஞ்சினைப் பாஸ் உடனே இறக்கேல்ல. முதல்ல பிரேக். எங்களுக்கு அவசரம், அவருக்கு அவசரமே இல்லை. முன் டிஸ்குக்குப் புதுப் பேட், பழசாகி வெடிச்ச றப்பர் ஹோஸ் நாலும் மாத்தல், மாஸ்டர் சிலிண்டருக்குள்ள புது றப்பர். பிறகு முன் ஷொக் ஏறுற இடத்தில உப்புத் தின்ன தகட்டை வெட்டி, டிங்கரிங்காரர் புதுத் தகடு வச்சு ஒட்டினார். ஏறுறதைவிட இறங்குறதுதான் கலகெதரயில ஆபத்து என்று அவர் சொன்னது சரிதான். இங்கிலாந்தில 1961இல் ஜோன் கூப்பர் மினிக் காருட எஞ்சினைக் கிண்டி 34 குதிரையை 55 ஆக்கினபோது, அந்தக் காருக்கு முன் சக்கரத்தில டிஸ்க் பிரேக்கும் சேர்த்தே வந்தது. 1964இல் மொன்டி கார்லோ ராலியை அந்த வகைக் கார் வென்ற கதையை எல்லாரும் சொல்லுவாங்க. பிரேக் கதையை யாரும் சொல்றதில்லை.

இறக்கின வேலை ரெண்டு நாள். வேன் எஞ்சினுக்கும் காருக்கும் அடியில இருக்கிற சம்ப் வடிவம் வேற, அதனால எங்கட 4கேயிலிருந்து சம்பையும் எண்ணெய் உறிஞ்சுற குழாயையும் கழட்டி மாத்தினோம். மவுண்டும் பழசு. கிளச் பிளேட் மட்டும் புதுசு, எஞ்சின் வெளியில இருக்கிறபோது மாத்தாட்டி பிறகு அதுக்கு என்றே கியர்பொக்ஸை இறக்கணும். காபரேட்டரைக் கழுவிப் பூட்டி, புகைப் பரிசோதனைக்குப் போக முதல் கலவையைச் சரி பண்ணினார். காபன் மொனொக்சைட்டும் எரியாத ஹைட்ரோகாபனும் எல்லைக்குள்ள வந்தது. நீலப் புகை இல்லை. மொத்தச் செலவு ஒன்றரை இலட்சத்தைத் தாண்டித்தான் போனது, மிச்சத்தை மச்சானுட சீட்டுக் காசில எடுத்தோம். அவனுக்கு இன்னும் நாலு மாசம் கட்டுறதுக்கு இருக்கு.

இப்ப எப்பிடி என்று கேக்கிறீங்களா. பாலாவிப் பாதையில ஓட்டினா உங்களுக்கு வித்தியாசமே தெரியாது, முதல் தடவை எங்களுக்கும் தெரியேல்ல. எண்ணெய் முன்னைப்போலதான் குடிக்குது, மூணாம் நம்பர் சிலிண்டர் வீணாக்கினது நிண்டதால கூடக் குறையத் தெரியேல்ல. கலகெதரயில, முன்னுக்கு ஒரு லொறி மெதுவாப் போய்க்கொண்டிருக்க, மூணாம் கியரில 35இல விட்டுக் காலை அழுத்தினோம். திமிறாம, கத்தாம, ஒரு பாரமான கை பின்னுக்கிருந்து தள்ளுறமாதிரி எழும்பினது. தம்பி சிரிச்சான். உம்மா நித்திரை. வாப்பாதான் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் ஒண்ணும் பேசாம வந்து, பாலத்துக்குக் கிட்ட வந்ததும் "மெதுவாப் போ, இது உண்ட வயசு வண்டி இல்ல" என்றார்.

கழட்டின 4கே எங்கட வீட்டுப் பின்னுக்கு, பிளாஸ்டிக் சீலையால மூடிக் கிடக்கு. மூணாம் நம்பரை மட்டும் செய்துகொண்டா ஓடும். போன வாரம் தளுவப் பக்கமிருந்து ஒரு பொடியன் வந்து பார்த்தான், அவனுட டீஎக்ஸில பிளாக் வெடிச்சிருக்காம். சீலையைத் தூக்கி, ஒயில் மூடியைத் திறந்து பார்த்தான், கிரேங்கைக் கையால சுத்திப் பார்த்தான். பழைய பில்லு இருக்கா என்று கேட்டான். விலை இன்னும் பேசி முடியேல்ல.